நீலகிரியின் பாறையும் மண்ணும்
(மலை வட்டார ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மலைகள் யாவும் ஒரே விதமாய்த் தோன்றியவை அல்ல. இந்திய நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசிய நிலப்பகுதியோடு மோதியதால் மடிந்து எழுந்தது இமயம். அம்மோதல் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கியது. இமயம் இன்றும் உயர்ந்து வருகிறது. நம் நீலகிரியோ மிக முதியது. இதன் பாறையாகிய சார்னோகைட், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உருவானது. வடக்கே மோயாறும் தெற்கே பவானியும் பூமியின் பழைய முறிவுகளை ஒட்டி ஓடுகின்றன. இடையே மலை ஒரு பெருந்திண்ணைபோல் நிற்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குள் சுமார் 1,500 மீட்டர் ஏறிவிடுகிறோம். ஏறியபின் காண்பவை உருண்ட குன்றுகளே. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் கூர்முனை உடையதன்று.

குன்றுகள் உருண்டது எவ்வாறு? மழைநீர் பாறை வெடிப்புகளில் புகுந்து அதனை உள்ளிருந்தே சிதைக்கிறது. சாலைக்காக வெட்டிய கரையைப் பாருங்கள். மேலே செம்மண், அதன்கீழ் கைவிரலால் உதிரும் பாதிச் சிதைந்த கல், நடுநடுவே உருண்டைப் பாறைகள், அடியில் உறுதியான பாறை. நமக்குத் தேயிலையும் கிழங்கும் தருவது இம்மண்போர்வையே. பெருமழையில் நீர் இதனுள் இறங்கி, அடிப்பாறையில் தடைப்பட்டுத் தேங்குகிறது. மண் கனத்துப் பிடிப்பிழந்து சரிகிறது. 2009 நவம்பரில் இம்மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்தோமில்லை.

சரிவின் அடிவாரத்தை வெட்டி வீடு கட்டுவோர், மேலுள்ள மண்ணைத் தாங்கிய காலை வெட்டுகின்றனர். பழைய நீரோடையைத் தூர்த்தவர் அந்நீரைப் பக்கத்து நிலத்துக்குள் திருப்புகிறார். பள்ளத்தாக்கின் சதுப்பு நிலம் வெற்றிடமன்று. மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையில் ஓடைக்கு அளிப்பது அதுவும் சோலைக்காடும் புல்வெளியும்தான்.

உருளைக்கிழங்குப் பார்களை மேலிருந்து கீழாகப் போடும் வழக்கத்திற்கு உழவர் சொல்லும் காரணம் நியாயமானது: நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆயினும் அப்பார்களின் வழியே மேல்மண்ணும் போய்விடுகிறது. சரிவுக்குக் குறுக்கே, சிறிதளவே சாய்வு கொடுத்துப் பார் அமைத்து, நீரைப் புல் வளர்த்த வடிகாலில் விடலாம். கிழங்கும் அழுகாது.

நிலத்தில் புதிய வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால் மழை ஓயும்வரை காத்திராமல் உடனே வீட்டை விட்டு நீங்கி, ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் உறுப்பினர்கள் தத்தம் வார்டைச் சுற்றிவந்து, தூர்ந்த ஓடைகளையும் தாங்குசுவரற்ற வெட்டுக்கரைகளையும் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முதியோரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பழைய ஓடை எங்கே ஓடிற்று என்பதை அவர்களே அறிவர்.