இரசிகர் கூட்டமும் சங்கமும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ஒருவன் தன் வீட்டு அறையிலிருந்து கணினியில் விளையாடுகிறான். அதை இலட்சக்கணக்கானோர் இணைய நேரலையிற் பார்க்கின்றனர். இது வீண்வேலை என்பார் பெரியோர். இக்காலத்து இரசனை என்பார் இளைஞர். அந்த வழக்கைத் தீர்க்க நான் இங்கே வரவில்லை. அவ்வாறு திரண்ட கூட்டம் ஒன்று எப்படிக் கலைந்தது என்பதையே சொல்ல வந்தேன். கூடுவதைப் பற்றிப் பேசும் சங்கத்தார் கலைவதைப் பற்றியும் ஆராய வேண்டுமல்லவா?

அமெரிக்க இளைஞர் ஒருவர். இயற்பெயர் ரைலர் பிளெவின்ஸ். உலகம் அவரை 'நிஞ்சா' என்றே அறியும். ஹேலோ என்னும் விளையாட்டிற் போட்டியாளராக இருந்து, 2011ஆம் ஆண்டு நேரலைக்கு வந்தார். ஆண்டுகள் பல உழைத்தபின், ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டு அவரை உச்சியில் ஏற்றியது. 2018 மார்ச் 14ஆந் திகதி இரவு, பாடகர் டிரேக் அவருடன் சேர்ந்து விளையாடியபோது, ட்விச் தளத்தில் ஒரே நேரத்தில் 6 இலட்சத்து 28 ஆயிரம் பேர் பார்த்தனர். தனியொருவரின் அலைவரிசைக்கு அந்நாள்வரை அத்தனை பேர் திரண்டதில்லை. மாதம் 5 இலட்சம் டொலருக்கு மேல் வருவதாக அவரே பேட்டியிற் கூறினார். அவ்வாண்டிலேயே ஈஎஸ்பிஎன் சஞ்சிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. பின்னர் அடிடாஸ் நிறுவனம் அவர் பெயராற் சப்பாத்துச் செய்தது. ஒரு மனிதர் ஒரு வியாபாரக் குறியாகிவிட்டார்.

இனி அக்கூட்டத்தின் அத்திவாரத்தைப் பார்ப்போம். 2018இல் அவருக்குப் பணங்கட்டிய சந்தாதாரர் 2 இலட்சத்து 69 ஆயிரம் வரை உயர்ந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம் ஒரு விளையாட்டுக் கண்காட்சிக்காக அவர் இரண்டு நாள் நேரலையை விட்டார். நாற்பத்தெட்டு மணித்தியாலம் ஆகுமுன் 40,000 சந்தாதாரர் குறைந்துவிட்டனர் என்று அவரே மனம் நொந்து எழுதினார்.

அவர்கள் கோபித்துப் போனவர்களா? இல்லை. அமேசன் பிரைம் உறுப்பினருக்கு மாதம் ஒரு சந்தா இலவசமாய்க் கிடைக்கும். அது தானாகப் புதுப்பிக்கப்படாது. மாதந்தோறும் உறுப்பினரே வந்து பொத்தானை அழுத்த வேண்டும். நிஞ்சா திரையில் இருந்தால் அழுத்துவர். இல்லையேல் மறப்பர், அல்லது வேறொருவருக்குக் கொடுப்பர். நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் அவர் திரைமுன் இருந்ததன் காரணம் இப்போது விளங்கும். கூட்டம் அவரைச் சுமக்கவில்லை. அவரே கூட்டத்தைச் சுமந்தார். சுமந்தவர் சற்றே இளைப்பாறியதும் அது நழுவிற்று.

2019 ஆகஸ்ட் முதலாந் திகதி அவர் ட்விச்சை விட்டு, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மிக்ஸர் தளத்துக்குப் போவதாக அறிவித்தார். பெயரைக் கேட்டதும் நம்மவருக்குத் தேநீர்க் கடைத் தட்டு நினைவுக்கு வரலாம். அது பெரிய முதலுடன் நடந்த தளம். ட்விச்சில் அவரைப் பின்தொடர்ந்தோர் ஒரு கோடியே 40 இலட்சத்துக்கு மேல். புதிய இடத்தில் ஒரு வாரத்துக்குள் 10 இலட்சம் பேர் பதிந்தனர். பத்திரிகைகள் வியந்தன. ஆனால் பெயரைப் பதிவது வேறு, நாளுக்கு நாள் வந்து அமர்வது வேறு. பழைய பெருங்கூட்டம் அங்கே கூடவில்லை. அதே மாதத்தில், அவர் விட்டுச்சென்ற ட்விச் பக்கத்தில் வேறு அலைவரிசைகளை விளம்பரஞ் செய்தனர்; அவற்றுள் ஆபாசப் படம் ஒன்றும் புகுந்துவிட, ட்விச் தலைவர் எம்மெற் ஷியர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கூட்டம் அவருடையது என்று நினைத்திருந்தார். கூடிய மண்டபமோ பிறருடையது.

2020 ஜூன் 22ஆந் திகதி மிக்ஸரை மூடப்போவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. ஜூலை 22இல் அது மூடப்பட்டது. செப்டெம்பரில் நிஞ்சா மீண்டும் ட்விச்சுக்கு வந்தார். வரவேற்க வந்தோர் சுமார் ஒரு இலட்சம். சிறிய தொகையன்று, எனினும் 2018 மார்ச்சிற் கூடியதில் ஆறில் ஒரு பங்கே. இடையில் ஃபோர்ட்நைட் மோகமும் தணிந்தது. புதியவர் பலர் எழுந்தனர். 2021 ஏப்ரிலில் லுட்விக் என்ற இளைஞர் 31 நாள் இடைவிடா நேரலை நடத்தி, நிஞ்சாவின் சந்தாதாரர் சாதனையை முறியடித்தார். மாதம் கழிந்ததும் அந்த எண்ணிக்கையும் மளமளவென இறங்கிற்று.

நண்பர்களே, நிஞ்சாவைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நல்ல ஒப்பந்தம் வந்தாற் செல்வது பிழையுமன்று. ஓய்வை விரும்புவது குற்றமுமன்று. கேள்வி எல்லாம் இரசிகராகிய எம்மைப் பற்றியதே. அந்த இலட்சக்கணக்கானோர் எதனால் அவருடன் பெயர்ந்து செல்லவில்லை? மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, பழக்கம். அவர்களது கணக்கும், அரட்டைத் தோழரும், இலவசச் சந்தாவும் பழைய தளத்திலேயே இருந்தன. இரண்டாவது, விளையாட்டு. பலர் மனிதரை விரும்பியதாக எண்ணி, ஃபோர்ட்நைட்டையே விரும்பினர். மூன்றாவதே முக்கியம். அரட்டைப் பெட்டியில் ஆயிரம் வரிகள் நொடியில் ஓடும்போது, பக்கத்தில் இருப்பவர் யார் என்று எவருக்குந் தெரியாது. ஒவ்வொருவர்க்கும் நிஞ்சாவைத் தெரியும். ஒருவரை ஒருவர் தெரியாது. நடுவிலுள்ள ஒரு கம்பத்தில் இலட்சம் கயிறுகளைக் கட்டலாம். கயிறுகள் தமக்குள் முடியப்படாவிட்டால் அது வலையாகாது. கம்பம் பெயர்ந்த அன்றைக்கு எல்லாக் கயிறுந் தரையிலே.

சிறிய நேரலைகள் பலவற்றில் இதன் மறுபுறத்தைக் காணலாம். ஐம்பது அறுபது பேரே வருவர். ஆனால் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மற்றவர் விசாரிப்பர். அரட்டையை ஒழுங்குசெய்வோர் சம்பளமின்றி இரவெல்லாம் விழித்திருப்பர். நடத்துபவர் நோயுற்றாலும் அவர்கள் வேறோரிடத்திற் கூடிப் பேசிக்கொண்டிருப்பர். எண்ணிக்கைப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. சங்கம் என்ற சொல்லுக்கு அவர்களே உரியவர்.

எமது சங்கத்தையும் இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். பிரபல பேச்சாளர் வருகிறார் என்றால் மண்டபம் நிரம்புகிறது. அடுத்த கிழமை வாசிகசாலை அலுமாரியைத் துடைக்க நால்வர் வருவதில்லை. நிரம்பிய மண்டபத்தைப் படமெடுத்து மலரில் இடுகிறோம். அந்த நால்வரைத் தேடுவதே முதற் கடமையென்பது என் துணிபு. ஒரு பெயருக்காகக் கூடியவர் அப்பெயர் மங்கும்போது போவர். ஒருவர்க்கொருவர் கூடியவர் தலைவர் மாறினாலும், மண்டபம் மாறினாலும் நிற்பர். மற்றது மணலின்மேற் கட்டிய வீடு.

ஆகவே, நண்பர்களே, பிடித்த விளையாட்டை மகிழ்ந்து பாருங்கள்; திறமையை மெச்சுங்கள். இன்றிரவு கூட்டம் முடிந்து செல்லுமுன், பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.