மேற்கணக்கில் உதிக்கும் சூரியன்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பத்தாந்தர மாணவர்களுக்கு ஒருநாள் கட்டுரைப் பயிற்சியொன்று கொடுத்தேன். 'எங்கள் வீட்டுக்கு வரும் வழி' என்பது தலைப்பு. பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் எனக்கு வழி சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு கொப்பிகள் வந்தன. ஒன்றிலேனும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்ற சொற்கள் இல்லை. ஏறி, இறங்கி, மேலே, பணிய என்ற சொற்களே பக்கம் பக்கமாக இருந்தன.

ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "கொழுந்து மடுவத்தைத் தாண்டி ஏறினால் பிரட்டுக்களம் வரும். அங்கிருந்து பீலிக்கரைக்குப் பணிய மூன்றாவது லயம். தொங்கல் காம்பரா எங்களுடையது. தெரியாவிட்டால் கீழ்க்கணக்கில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்."

மலையகத்துக்கு வெளியேயுள்ள நேயர்களுக்குச் சில சொற்களை விளக்க வேண்டும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் இடம் பிரட்டுக்களம். நீர் விழும் குழாயடி பீலிக்கரை. வரிசை வீடு லயம். அதிலொரு குடும்பம் வாழும் அறை காம்பரா. கடைசியில் இருப்பது தொங்கல் காம்பரா. பணிய என்றால் தாழ. தோட்டத்தின் ஒரு பிரிவே கணக்கு.

ஒவ்வோர் ஊரும் தன்னை அளக்க ஒரு முளையை நட்டு வைத்திருக்கிறது. மதுரைக்கு அது கோயில். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மீனாட்சியம்மன் சந்நிதியைச் சுற்றிச் சுற்றியே ஊர் விரிகிறது. கொழும்பு வெள்ளவத்தைக்கு அது கடல். காலி வீதிக்குக் கடற்பக்கமா, மறுபக்கமா என்று கேட்டால் பாதி முகவரி கிடைத்துவிடும். எங்கள் வலப்பனைத் தோட்டங்களுக்கு அந்த முளை பிரட்டுக்களம். கோயிலாலும் கடலாலும் அல்ல, வேலையால் அளக்கப்பட்ட ஊர் எங்களுடையது.

அடுத்த நாள் அதே வழியை வரைபடமாகக் கீறச் சொன்னேன். ஒரு பையன் மேற்கணக்கைத் தாளின் இடப்பக்கத்தில், மேற்கே கொண்டுபோய் வைத்தான். பக்கத்திலிருந்தவன் விடவில்லை.

"டேய், காலையில வெயில் மேக்கணக்குப் பக்கமிருந்து தானே வருது?" என்றவன் என்னிடம் திரும்பினான். "சேர், வெயில் வர்ற பக்கம் எப்படி சேர் மேற்காகும்?"

நல்ல கேள்வி. மேற்கணக்கு என்பதிலுள்ள 'மேல்' உயரத்தைக் குறிப்பது, திசையையன்று. ஆனால் தமிழில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மேல் என்பதிலிருந்து மேற்கு. கீழ் என்பதிலிருந்து கிழக்கு. 1856 இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இதனை எடுத்துக் காட்டியிருக்கிறார். மேற்கே மலைத்தொடர் உயர்ந்து நிற்க, கிழக்கே நிலம் கடலை நோக்கித் தாழ்ந்து செல்லும் தமிழ்நாட்டில் பிறந்த சொற்கள் இவை. மலைக்கு அப்பால் மலையாளக் கரையில் நிலம் மாறிக் கிடக்கிறது. மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆயினும் அங்கும் மலைப்பக்கத்தைக் கிழக்கு என்றே சொல்கிறார்கள். நிலம் மாறியும் சொல் மாறவில்லை.

தமிழகத்து ஊர்களிலிருந்து கண்டிச்சீமைக்கு வந்த எம் முன்னோரும் இந்தச் சொற்களோடுதான் வந்தார்கள். வந்த இடத்தில் திசையைக் கைவிட்டு உயரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கொழுந்துக்கூடை முதுகில் கனக்கும்போது முதற்கேள்வி ஏற்றமா இறக்கமா என்பதே. எனவே எங்கள் தோட்டத்தில் சூரியன் மேற்கணக்கில்தான் உதிக்கிறது. இதில் பிழையொன்றும் இல்லை.

'கணக்கு' என்ற சொல்லையும் சற்றே நின்று பார்க்க வேண்டும். துரைமார் 'டிவிசன்' என்றதை நம்மவர்கள் கணக்கு என்றார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் செக்ரோல் இருந்தது. யாருடைய பெயர் எந்த ஏட்டில் விழுந்ததோ, அவர் அந்தக் கணக்குக்காரர். பேரேட்டில் கிழித்த கோடே ஊரின் எல்லையாயிற்று என்று கொள்ளலாம். தேயிலை மலைகளுக்கும் அப்படியே. ஐந்தாம் நம்பர் மலை, பத்தாம் நம்பர் மலை என்று இலக்கமே பெயராயிற்று.

ஆனால் ஏட்டில் கிழித்த கோட்டுக்குள் மக்கள் தங்கள் கோடுகளையும் போட்டுக்கொண்டார்கள். கணக்குக்கொரு மாரியம்மன் கோயில் எழுந்தது. மாசியில் காமன் ஊன்றும் இடம் காமன் பொட்டல் ஆயிற்று. துக்கம் விழுந்தால் தப்பு முழங்கும். என் அப்பாயி சொல்வார்: "தப்புச் சத்தம் கேக்குற தூரம் வரைக்கும் நம்ம ஆளுகதான்யா." எல்லைக்கு இதைவிட மனிதத்தன்மையான இலக்கணத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

நேயர்களே, இன்னோர் எல்லை இருக்கிறது. அதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது. இராகலை, ஹைபொரஸ்ட், உடப்புசல்லாவ என்று மேலே தேயிலை. இறங்கி வந்தால் வயலும் கிராமமும். இந்தச் சிங்களக் கிராமங்களை எங்கள் மக்கள் 'நாடு' என்பார்கள். "நாட்டுப் பக்கம் போயிட்டு வாறேன்" என்றால் பக்கத்துக் கிராமத்துக்குப் போய் வருகிறேன் என்று பொருள். அப்படியானால் தோட்டம் எங்கே இருக்கிறது? நாட்டுக்கு வெளியிலா?

அந்தச் சொல் வெறும் பேச்சு வழக்கன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்படிக்கை செய்து அவர்களைப் பங்கிட்டுக் கொண்டனர். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெளிவத்தை ஜோசப் தமது சிறுகதைத் தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' என்று பெயர் வைத்தார். அப்பெயரிலுள்ள நாடு என்ற சொல்லை மலையக வாசகன் இரண்டு பொருளில் படிப்பான். தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டவர் அவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

எல்லை ஏட்டளவில் நிற்பதில்லை என்பதை நான் இருபது வயதில் உணர்ந்தேன். உயர்கல்வி அனுமதி பற்றிய கடிதமொன்றை எதிர்பார்த்திருந்தேன். அன்று எங்கள் முகவரி என்பது பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டுமே. லயத்துக்கு இலக்கமில்லை, காம்பராவுக்கு இலக்கமில்லை. என் பெயரும் முதலெழுத்தும் கொண்ட பெரியவர் ஒருவர் மேற்கணக்கில் இருந்தார். கடிதம் அவர் வீட்டுக்குப் போயிற்று. ஆங்கிலக் கடிதம், வாசிக்க ஆளில்லை. சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்துவிட்டார். ஒன்பது நாள் கழித்துக் கோயில் பூசைக்கு வந்தபோதுதான் என் தந்தையிடம், "தம்பி, எனக்கு ஏதோ கவுருமெண்டுக் காயிதம் வந்திருக்கு. ஒம்மகனைப் பார்க்கச் சொல்லு" என்றார். பதிவுக்கு இரண்டு நாளே இருந்தது. நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். சேராமற் போயிருந்தால் யாரைக் குற்றஞ் சொல்வது? அந்தப் பெரியவரையா? அவர் கடிதத்தைத் தெய்வத்தோடு வைத்துக் காத்தவர்.

அந்த நிலைக்குச் சட்டத்திலும் ஓர் இணை இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குத் தடையாக இருந்தது. எங்கள் மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். ஆனால் சபையின் பணம் தோட்டத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் தாராளமாக வர முடியவில்லை. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. ஏட்டுக்கோடு ஒன்று அழிய முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இன்று லயங்களை விட்டுச் சிலர் வெளியேறுகிறார்கள். தனிக் காணியில் தனிவீடு எழுகிறது. மகிழ்ச்சியான செய்தியே. எல்லாருக்கும் அது கிட்ட வேண்டும். எட்டடிக் காம்பராவைப் பண்பாடு என்று போற்றிக் காப்பாற்றச் சொல்பவன் நான் அல்லன். கணக்கு என்ற சொல் எங்களை எண்ணி வைத்த சொல் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் புதுக் குடியிருப்புக்குப் பெயர் வைக்கும் வேளையில், அந்த மண்ணில் நடந்தவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? மேலிருந்து வரும் பெயர்ப்பலகையில் காமன் பொட்டலும் பீலிக்கரையும் இடம்பெறாமற் போனால் இரண்டாந் தடவையும் யாரோ ஒருவருடைய ஏட்டில்தான் நாங்கள் குடியிருப்போம்.

சி.வி. வேலுப்பிள்ளை தோட்டந் தோட்டமாக வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். இடப்பெயர்களுக்கும் அவ்வாறான ஒரு தொகுப்பு வேண்டும். பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு பாட்டியும் போதும். என் மாணவர்கள் தொடங்கிவிட்டார்கள். பெயர், அதைச் சொன்னவர், பெயர் வந்த காரணம் என்று மூன்று நிரல்கள். காரணம் என்ற நிரலில் பல இடம் வெறுமையாகவே கிடக்கிறது. தெரிந்த பெரியவர்கள் போய்விட்டார்கள்.

பிரட்டுக்களத்து வழியை எழுதிய அந்த மாணவிக்கு நான் புள்ளியோடு ஒரு குறிப்பும் எழுதினேன்: 'இதையே கடித உறையில் எழுதும் முறையில் எழுதி வா.' மறுநாள் எழுதி வந்தாள். பெயர், தொங்கல் காம்பரா, மூன்றாம் லயம், கீழ்க்கணக்கு, தோட்டத்தின் பெயர், வலப்பனை. ஆறு வரிகள். அதற்குக் கீழே, நான் கேளாமலே, ஏழாவதாக 'இலங்கை' என்று எழுதியிருந்தாள். உள்ளூர்க் கடிதத்துக்கு அந்த வரி தேவையில்லை. ஆசிரியன் என்ற முறையில் நான் அதை வெட்டியிருக்க வேண்டும்.

வெட்டவில்லை.