ஒரே பெயரேடு, பல வாயில்கள்

(அலுவலர் பயிற்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

அரசு ஊழியர் ஒருவருக்குப் பணிப் பதிவேடு ஒன்றுதான். அவர் எந்த ஊருக்கு மாற்றப்பட்டாலும் அது அவரைப் பின்தொடர்கிறது. ஆனால் கணிப்பொறியின் முன் அமர்ந்ததும் அதே ஊழியருக்குப் பல கடவுச்சொற்கள் தேவைப்படுகின்றன. கோப்புக்கு ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, விடுப்பு விண்ணப்பத்திற்கு ஒன்று. அவை நினைவில் நில்லாமையால் தாளில் எழுதி மேசைக் கண்ணாடியின் கீழ் வைக்கும் வழக்கம் வளர்கிறது. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. ஊழியர் ஓய்வு பெறும்போது ஓர் இணையச் செயலியில் அவர் பெயர் நீக்கப்படுகிறது, மற்றொன்றில் மறக்கப்படுகிறது. எஞ்சிய அப்பெயரில் நாளை ஒரு பணப்பட்டியல் அங்கீகரிக்கப்பட்டால், பொறுப்பு யாருடையது?

இதற்கான தீர்வு பல அலுவலகங்களில் முன்னரே உள்ளது. பணியாளரின் பெயர், பதவி, பிரிவு, கடவுச்சொல் ஆகியவற்றைக் காக்கும் மையப் பெயரேடு அவற்றின் வலையமைப்பிலேயே இருக்கிறது. இத்தகைய பெயரேடுகளுக்கென எக்ஸ்.500 என்னும் அனைத்துலகத் தரம் 1988இல் வெளியாயிற்று. அதை எளிதாக அணுகுவதற்கான எல்.டி.ஏ.பி. என்னும் நெறிமுறை 1993இல் வெளியிடப்பட்டது. ஆக்டிவ் டைரக்டரி, ஓப்பன் எல்.டி.ஏ.பி. ஆகிய இரண்டும் இந்நெறிமுறைக்கு விடையளிப்பவை.

செயல்முறை எளியது. பயனர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் செயலியில் இடுகிறார். செயலி, தேடுவதற்கு மட்டும் உரிமை பெற்ற ஒரு கணக்கின் வாயிலாக, பெயரேட்டில் அவருடைய பதிவைக் கண்டறிகிறது. பின்னர் அப்பதிவின் பெயராலும் அவர் இட்ட கடவுச்சொல்லாலும் பெயரேட்டில் நுழைய முயல்கிறது. பெயரேடு ஏற்றால் அவர் உரியவர், மறுத்தால் அல்லர். கடவுச்சொல்லைச் செயலி தன்னிடம் சேமிப்பதில்லை என்பதே இதன் சிறப்பு.

எனினும் சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. முதலாவதாக, செயலிக்கும் பெயரேட்டிற்கும் இடைப்பட்ட வழி மறையாக்கம் செய்யப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் கடவுச்சொல் வெளிப்படையாகவே பயணம் செய்யும். இரண்டாவதாக, கடவுச்சொல் இடம் வெறுமையாக விடப்பட்டால், சில பெயரேடுகள் அதனை அடையாளமற்ற நுழைவாகக் கருதி ஏற்றுவிடும். ஆகவே வெற்றுக் கடவுச்சொல்லைச் செயலியே தடுத்தல் வேண்டும். மூன்றாவதாக, பெயருக்கான இடத்தில் உடுக்குறி, அடைப்புக்குறி போன்றவற்றை இட்டுத் தேடலைத் திரிக்க முயல்வோர் உண்டு. அக்குறிகளைச் செயலி செயலிழக்கச் செய்தல் வேண்டும். நான்காவதாக, பெயரேடு நின்றால் எல்லா வாயில்களும் மூடிக்கொள்ளும் ஆதலால், அதன் படியொன்று வேறொரு சேவையகத்தில் இயங்குதல் நலம்.

இன்னார் என அறிதல் வேறு. இன்னது செய்யலாம் என இசைவளித்தல் வேறு. பெயரேடு முன்னதை உறுதி செய்கிறது. கணக்குப் பிரிவினர் எந்தப் பட்டியலை அங்கீகரிக்கலாம் என்பதை, அவர் சேர்ந்துள்ள குழுவைக் கொண்டு செயலி முடிவு செய்தல் வேண்டும்.

1976இல் நிறுவப்பெற்ற தேசியத் தகவலியல் மையம், அரசு ஊழியர்க்கென 'பரிச்சய்' என்னும் ஒற்றை நுழைவு முறையை அமைத்துள்ளது. இத்தகைய முறையில் ஒவ்வொரு செயலியும் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. ஒரே பொது வாயிலில் அடையாளம் சரிபார்க்கப்பெற்று, அதற்கான சான்று மட்டும் செயலிக்கு அனுப்பப்படுகிறது.

ஆயினும் இயந்திரம் தானே அறியாத செய்தி ஒன்றுண்டு: ஊழியர் விலகிய நாள். பணியமைப்புப் பிரிவு அதனை அன்றே தெரிவித்தால், பெயரேட்டில் ஒரு பதிவை முடக்குவதால் புதிய நுழைவு அனைத்தும் தடைப்படும். முன்னரே நுழைந்தவரின் அமர்வு மட்டும் நீடிக்கக்கூடும் என்பதால், அமர்வுக்காலம் குறுகியதாக இருத்தல் வேண்டும். ஆணை மூன்று மாதம் தாமதித்தால், பல வாயில்களும் மூன்று மாதம் திறந்தே கிடக்கும். வாயில்களை ஒன்றாக இணைப்பது தொழில்நுட்பம். உரிய நாளில் மூடுவது நிர்வாகத்தின் கடமை.