தகரப் பெட்டியில் இருக்கும் வரலாறு

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கோயில் மண்டபத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



போன சனிக்கிழமை நம் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாகக் கோலாலம்பூருக்கு இறங்கினோம். போனது இரட்டைக் கோபுரத்துக்கு அல்ல. தேசியக் கலைக்கூடத்துக்கு, பாலாய் செனி நெகாராவுக்கு. வாசலிலேயே ஒரு பையன் நின்றுவிட்டான்.

"சார், நம்மள உள்ள விடுவாங்களா?"

யாரும் அவனைத் தடுக்கவில்லை. அவன் காலைக் கட்டியது நம் பழைய பயம். அந்தக் கலைக்கூடத்தை 1958-இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார். அது மக்கள் சொத்து. நீங்களும் மக்கள்தான். தலைநிமிர்ந்து போங்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு ஓவியர்களைப் பற்றிச் சொன்னேன். பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் போரையும் பட்டினியையும் படமாக்கியவர். சையத் தாஜுதீன் 1943-இல் தமிழ்நாட்டின் அழகன்குளத்தில் பிறந்து, சென்னையில் ஓவியம் கற்று, மலேசிய ஓவியராக இராமாயணக் காட்சிகளைத் தீட்டியவர். பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள்.

திரும்பும்போது அதே பையன் கேட்டான்: "எங்க பாட்டியோட கொழுந்துக் கூடைய யாரு சார் எடுத்து வைப்பா?"

நாம்தான், வேறு யார்? போ தோட்டம் 1929-இல் தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்து இந்த மலையில் முதுகு வளைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். அதற்குச் சாட்சி எங்கே? உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில். பழைய சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், கல்யாணப் படம்.

வழக்கறிஞனாகச் சொல்கிறேன். நாளைக்கு வீட்டுப் பிரச்சினை, குடியுரிமைப் பிரச்சினை வந்தால் நீதிமன்றம் கண்ணீரைக் கேட்காது, காகிதத்தைக் கேட்கும். எத்தனையோ குடும்பங்கள் மூன்று தலைமுறை வாழ்ந்தும், அதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் என் முன்னே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டிகளை இந்த மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். நகல் எடுத்துத் தருகிறோம். படத்தின் பின்னால் பெயரும் ஆண்டும் எழுதுவோம். பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். கிழிந்த கூடையையும் வீசாதீர்கள்.

அடுத்த பள்ளி விடுமுறையில் மீண்டும் கோலாலம்பூர் போவோம். இந்த முறை பெற்றோரும் வர வேண்டும். வாசலில் யாரும் நிற்கக் கூடாது.