கழித்தல் கணக்கு

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போர்க்காலச் சிறைமுகாம்களிலிருந்து தப்பித்தவர்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு ஒரு ஹாலிவுட் படம் ஞாபகம் வந்திருக்கும். 1963இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்'. சுரங்கம் தோண்டுவாங்க, ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் கம்பிவேலியைத் தாண்டுவார். மோட்டார் சைக்கிள் சினிமாக்காரர்கள் சேர்த்தது. சுரங்கம் நிஜம். 1944 மார்ச் 24 இரவு ஸாகன் முகாமிலிருந்து நேசநாட்டு விமானப்படை அதிகாரிகள் 76 பேர் வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள். அதில் 50 பேரை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். மூன்று பேர்தான் தப்பிக் கரைசேர்ந்தார்கள். அந்த வீரத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதற்குச் சரியாக இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 7ஆம் தேதி, வேறொரு முகாமிலிருந்து இரண்டு பேர் தப்பினார்கள். அவர்கள் அதிகாரிகள் இல்லை. எந்த நாட்டு ராணுவமும் அவர்களைத் தன் ஆள் என்று சொல்லவில்லை. போர்க்கைதிகளுக்கான ஜெனீவா ஒப்பந்தம் அவர்களுக்குப் பொருந்தாது. அந்த முகாமின் பெயர் ஆஷ்விட்ஸ். ஒருவர் ருடால்ஃப் விர்பா, வயது 19. இன்னொருவர் ஆல்ஃபிரட் வெட்ஸ்லர், வயது 25. இரண்டு பேரும் ஸ்லோவாக்கிய யூதர்கள்.

இவர்களை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. இரண்டு பேரும் முகாமில் குமாஸ்தாக்கள். நானும் குமாஸ்தாதான், வங்கியில். கவிதை எழுதுகிறவன் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். சோறு போடுவது லெட்ஜர்தான்.

ஆஷ்விட்ஸ் என்றதும் நச்சுவாயு அறையும் புகைபோக்கியும் நமக்குத் தெரியும். அது ஒரு பெரிய ஆபீசாகவும் இருந்தது என்பதை யோசிக்க மாட்டோம். பேரேடு, அட்டவணை, காலையும் மாலையும் தலை எண்ணுதல். வேலைக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள். விர்பாவின் எண் 44070. வெட்ஸ்லருடையது 29162. வரும் கைதிகளைப் பதிவுசெய்ய ஆள் வேண்டும். அதையும் கைதிகளையே செய்ய வைத்தார்கள். வேலை வாங்குகிறவனுக்கு அதுதானே மலிவு.

விர்பாவுக்கு அப்போது அந்தப் பெயர் இல்லை. வால்டர் ரோசன்பர்க் என்பது பிறந்த பெயர். யூதன் என்பதால் 15 வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட பையன். 1942 ஜூன் 30 அன்று ஆஷ்விட்ஸுக்கு வந்தான். பிறகு போட்ட இடம் 'கனடா'. செத்தவர்களின் பெட்டி, துணி, செருப்பு எல்லாம் குவிந்து கிடந்த கிடங்குக்குக் கைதிகள் வைத்த பெயர் அது. கனடா என்றால் வளமான தேசம், அந்த அர்த்தத்தில். ரயில் வரும்போது மேடைக்குப் போய்ச் சாமான்களை இறக்குவதும் அவர்கள் வேலை. வண்டியில் எத்தனை பெட்டி, ஒரு பெட்டியில் எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எல்லாம் கண்ணால் பார்த்தான். 1943 ஜூனுக்குப் பிறகு தனிமைப்பகுதியில் பதிவாளன் ஆனான். வெட்ஸ்லர் வேறொரு பகுதியில் பதிவாளர்.

இங்கேதான் நான் சொல்ல வந்த கணக்கு இருக்கிறது. நேராக வாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண் கிடையாது. அவர்கள் பெயர் முகாமின் பதிவேட்டில் ஏறவே ஏறாது. எழுத்தில் அவர்கள் வரவும் இல்லை, சாகவும் இல்லை. பிறகு எப்படி எண்ணுவது? கழித்துத்தான். இன்ன ஊரிலிருந்து வந்த வண்டியில் சுமார் இத்தனை பேர். அன்று புதிதாகக் கொடுத்த எண்கள் இதிலிருந்து இதுவரை. மீதி எங்கே? மீதிதான் புகைபோக்கியில் போனது. கொலைகாரன் எழுதாமல் விட்ட வரியை இந்தப் பையன்கள் கழித்துக் கண்டுபிடித்தார்கள். எழுதி வைக்க முடியாது. சிக்கினால் சாவு. மனசில் வைத்துக்கொண்டார்கள், வாரக்கணக்கில் இல்லை, இரண்டு வருஷத்துக்கு.

அவர்கள் மனசில் இருந்த ஒரு சம்பவத்தை மட்டும் சொல்றேன். 1943 செப்டம்பரில் டெரிசின் சேரியிலிருந்து வந்த செக் யூதர்களைக் குழந்தைகளோடு குடும்பமாகத் தனிப்பகுதியில் வைத்தார்கள். மொட்டையடிக்கவில்லை. குழந்தைகளுக்கு வகுப்புகூட நடந்தது. பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வந்தது. ஆறு மாதம் கழிந்தது. 1944 மார்ச் 8 இரவு சுமார் 3,800 பேரைக் கொன்றார்கள். கொல்வதற்கு முன் ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு அஞ்சலட்டை எழுத வைத்தார்கள், பிந்தைய தேதி போட்டு. செத்தவர் கையெழுத்தில் நலம் விசாரித்து அட்டை போகும். மனிதனைக் கொன்ற பிறகும் அவன் எழுத்தை வேலைவாங்குகிற அதிகாரம் இது. அடுத்து ரயிலேறப் போகிறவன் அந்த அட்டையைப் படித்துவிட்டுத்தான் ஏறுவான்.

இதனால்தான் தப்பிக்க வேண்டும் என்று விர்பா முடிவுசெய்தான். செய்தி போனால் ஜனங்கள் ரயிலேற மாட்டார்கள், குறைந்தபட்சம் முரண்டுபிடிப்பார்கள், கொலை அவ்வளவு சுலபமாக நடக்காது என்பது அவன் எண்ணம். வெளியே சொல்வதற்காகத் தப்பித்த தப்பித்தல் அது.

வழி எப்படி? முகாமின் விதியைப் படித்துத்தான். ஒரு கைதி குறைந்தால் வெளிக்காவல் வளையம் மூன்று பகல், மூன்று இரவு நிற்கும். கிடைக்கவில்லை என்றால் ஆள் தூரம் போய்விட்டான் என்று வளையத்தை எடுத்துவிடுவார்கள். அப்படியானால் உள்வேலிக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே மூன்று நாள் அசையாமல் இருந்தால் போதும். கட்டுமானம் நடந்துகொண்டிருந்த பகுதியில் பலகை அடுக்கியிருந்தது. நடுவில் ஒரு குழி. இரண்டு பேரும் இறங்கினார்கள். வேறு இரண்டு கைதிகள் மேலே பலகையை மூடினார்கள். மோப்ப நாய்க்காகச் சுற்றிலும் பெட்ரோலில் ஊறவைத்துக் காயவைத்த ரஷ்யப் புகையிலையைத் தூவியிருந்தார்கள். அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது ஒரு சோவியத் போர்க்கைதி. நாய்கள் வந்தன, போயின. தலைக்கு மேலே காவலர்கள் பலகையைத் தள்ள ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். ஏப்ரல் 10 இரவு வெளியே வந்தார்கள்.

பிறகு நடை. எல்லை சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே. வரைபடம் இல்லை. கனடா கிடங்கில் கிடைத்த குழந்தைகள் அட்லஸின் ஒரு தாளைப் பார்த்து விர்பா மனப்பாடம் செய்திருந்தான். சோலா ஆற்றை ஒட்டிப் போனால் ஸ்லோவாக்கியா. இரவில் மட்டும் நடந்தார்கள். வழி தவறி ஒரு விடியற்காலையில் பியெல்ஸ்கோ நகரத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். இன்னோரிடத்தில் ரோந்துக்காரர்கள் சுட்டார்கள். விர்பாவின் கால் வீங்கி பூட்ஸைக் கத்தியால் கிழித்துத்தான் கழற்ற வேண்டியதாயிற்று.

போலந்துக் கிராமத்துப் பெண்கள் இரண்டு பேர், வெவ்வேறு இடத்தில், சோறு கொடுத்தார்கள். தப்பியவனுக்கு உதவினால் மரண தண்டனை. அது தெரிந்துதான் கதவைத் திறந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி அனுப்பிவைத்த ஆள்தான் எல்லைவரை வழிகாட்டினார். வரலாற்றுப் புத்தகத்தில் அந்தம்மா ஒரு வரி. அந்த வரி இல்லையென்றால் புத்தகமே இல்லை. ஏப்ரல் 21 அன்று எல்லை தாண்டினார்கள்.

சினிமாவாக இருந்தால் இங்கே படம் முடிந்துவிடும். நிஜத்தில் கஷ்டமான நடை இனிமேல்தான்.

ஜிலினா ஊரில் யூத கவுன்சில்காரர்கள் இவர்களைச் சந்தித்தார்கள். உடனே நம்பவில்லை. நாடுகடத்தப்பட்டவர்களின் பட்டியல் கவுன்சிலிடம் இருந்தது. அதில் இவர்கள் பெயரைத் தேடினார்கள். இருந்தது. தனித்தனியே வைத்து விசாரித்தார்கள். சொன்னது ஒத்துப்போயிற்று. எங்கள் பாஷையில் சொன்னால், அனுப்பியவன் லெட்ஜரும் வந்து சேர்ந்த இடத்து லெட்ஜரும் டாலி ஆயிற்று. ஏப்ரல் 27 வாக்கில் அறிக்கை தயார். சுமார் 40 பக்கம். முகாமின் வரைபடம், எந்தெந்த வண்டியில் எவ்வளவு பேர், எந்த எண்கள், மீதி என்னவானது. அழுகை இல்லை, அடைமொழி இல்லை. கவிதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்றேன், அந்த வறட்டு நடைக்கு முன்னால் என் உவமைகளுக்கு வெட்கமாக இருக்கிறது.

கணக்கில் பிழை இல்லையா? உண்டு. 1942 ஏப்ரல் முதல் 1944 ஏப்ரல் வரை கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 17,65,000 என்று அறிக்கை சொன்னது. முகாம் இயங்கிய காலம் முழுவதற்குமே சுமார் 11 லட்சம் பேர், அதில் யூதர்கள் சுமார் 10 லட்சம் என்பது இன்றைய வரலாற்றாய்வாளர்களின் முடிவு. இதைப் பிடித்துக்கொண்டு எல்லாமே பொய் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கைதிகள் மனசில் போட்ட கூட்டல் கூடிப்போனது உண்மை. ஆனால் வாயு அறை, ரயில், எண் வரிசை, கழித்தல் முறை, எதையும் பிறகு கிடைத்த ஆவணங்கள் பொய்யாக்கவில்லை. பிழையை நாமே சொல்லிவிட வேண்டும். எதிராளி கண்டுபிடித்துச் சொல்லும்படி விடக் கூடாது.

இனி காகிதம் நடந்த நடையைப் பாருங்க. மனிதர்கள் 11 இரவில் எல்லை தாண்டினார்கள். ஏப்ரல் கடைசியிலேயே அறிக்கை ஹங்கேரிய யூதத் தலைவர் கஸ்ட்னர் கைக்குப் போயிற்று. பொதுமக்களிடம் போகவில்லை. மே 15 அன்று ஹங்கேரியிலிருந்து ரயில்கள் கிளம்பின. ஜூலை 9க்குள் சுமார் 4,37,000 பேர். பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கு, வந்த அன்றே சாவு. ஜூன் நடுவில்தான் சுவிட்சர்லாந்து வழியாகச் செய்தி உடைந்தது, பத்திரிகைகள் எழுதின. போப், ரூஸ்வெல்ட், ஸ்வீடன் மன்னர் என்று ஹங்கேரியின் ஆட்சியாளர் ஹோர்த்திக்கு நெருக்கடி. ஜூலை 2 அன்று புடாபெஸ்டில் நேசநாட்டுக் குண்டுகளும் விழுந்தன. ஜூலை 7 வாக்கில் ஹோர்த்தி ரயில்களை நிறுத்தச் சொன்னார். புடாபெஸ்டில் மிச்சமிருந்த சுமார் 2 லட்சம் யூதர்களுக்கு அப்போதைக்கு ரயில் வரவில்லை. அறிக்கையால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அறிக்கை இல்லாமல் நடந்திருக்காது.

விர்பா கடைசிவரை ஒன்றைச் சொன்னார்: ஜனங்களிடம் சொல்லியிருந்தால் ஏறியிருக்க மாட்டார்கள், தலைவர்கள் பேரம் பேசிக்கொண்டு மூடிவைத்தார்கள். கஸ்ட்னர் அப்போது நாஜிகளோடு பேச்சுவார்த்தையில் இருந்தார். அதன் விளைவாக 1,684 பேர் தனி ரயிலில் வெளியேறினார்கள். யெஹுதா பாவர் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தகவல் தெரிவது வேறு, அதை நம்பி உள்வாங்குவது வேறு. பலருக்கு வதந்தியாகவாவது தெரிந்தேயிருந்தது. முதியோரும் குழந்தைகளும் மிஞ்சிய ஊர்களில் ஓட வழியும் இல்லை என்பது அவர்கள் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் விர்பா பக்கம்தான். நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவன் ரயிலேறப் போகிறவன். அந்த முடிவை அவனுக்காக மேசைக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் எடுக்க முடியாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

வெட்ஸ்லர் பிராத்திஸ்லாவாவிலேயே வாழ்ந்து 1988இல் இறந்தார். தன் கதையை ஜோசப் லானிக் என்ற புனைபெயரில்தான் வெளியிட்டார். விர்பா அந்த ஆண்டே கொரில்லாப் படையில் சேர்ந்தார், பிறகு உயிர்வேதியியல் படித்தார், கனடாவில் — நிஜமான கனடாவில் — பேராசிரியராக இருந்து 2006இல் இறந்தார்.

இங்கே இருக்கிற மாணவர்களில் பலர் நாளைக்கு ஏதோ ஒரு ஊருக்கு உண்மையறியப் போவீர்கள், அறிக்கை எழுதுவீர்கள். ஆகவே இதைச் சொல்லி முடிக்கிறேன். பார்த்தது எது, கேட்டது எது என்று பிரித்து எழுதுங்க. சாட்சிகளைத் தனித்தனியே கேளுங்க. பதிவேட்டில் உள்ளதோடு இல்லாததையும் தேடுங்க; வந்தவர் எத்தனை, பதிவானவர் எத்தனை, மீதி எங்கே என்று கழித்துப் பாருங்க. எழுதிய அறிக்கையை ஒரே பெரிய மனிதர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதீங்க. யாருடைய உயிர் சம்பந்தப்பட்டதோ அவர்களுக்கு முதல் பிரதி போகட்டும், அவர்கள் பாஷையில், அவர்கள் கையில்.