முகம் மறையும்; குரல் நிற்கும்!

(‘நடிப்பில் நெஞ்சில் நிற்பது முகமா? குரலா?’ – திருவாலங்காட்டில் நடந்த பட்டிமன்றத்தில் ‘குரலே’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். “இது இரத்தின சபை. காளியோடு இறைவன் ஆடியது இங்கேதான். காலைத் தூக்கி ஜெயிச்சானே தவிர, குரல் கொடுத்தா ஜெயிச்சான்?” என்றார். நீங்களும் கை தட்டினீங்க.

நான் கேட்கிறேன். அந்த ஆட்டத்தை நேரிலே பார்த்தவர் இந்தக் கூட்டத்திலே யாராவது உண்டா? இல்லை. இந்த ஊர்க் கூத்தை நமக்குப் பாடிக் காட்டியவர் காரைக்கால் அம்மையார். கணவன் விலகிப் போனதும், “இந்த அழகு இனி எனக்கு எதுக்கு?” என்று பேயுருவம் கேட்டு வாங்கியவர். முகத்தைத் துறந்தார், குரலைத் துறக்கவில்லை. அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் பதினோராம் திருமுறையிலே இன்றைக்கும் இருக்கு. அந்த அம்மை வாழ்ந்த ஊரிலே வந்து முகம்தான் பெரிசுன்னு சொல்லலாமா? (கைதட்டல்)

சரி, நம்ம வீட்டுக் கூடத்துக்கு வருவோம். சன் தொலைக்காட்சியிலே ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ வந்ததே, பட்டாபியை மறக்க முடியுமா? குழம்பை அடுப்பிலே வச்சுட்டுப் பட்டாபியைப் பார்க்க உட்கார்ந்தவங்க எத்தனை பேர்! குழம்பு தீய்ஞ்சால் பழி பட்டாபி மேலே. (சிரிப்பு) அந்தப் பட்டாபிதான் எம்.எஸ்.பாஸ்கர். முத்துப்பேட்டையிலே பிறந்தவர். அந்த முகம் நமக்குப் பழகுவதற்கு முன்னாலேயே, ஒலிப்பதிவுக் கூடத்திலே நின்று பிறருடைய வாயசைப்புக்குத் தன் குரலைக் கொடுத்தவர். உடன்பிறந்த ஹேமமாலினியும் பின்னணிக் குரல் கலைஞர்; மகள் ஐஸ்வர்யாவும் பின்னணிக் குரல் கலைஞர்.

பின்னணிக் குரல்னா என்ன, எழுதினதைப் படிக்கிறதுதானேன்னு நினைக்காதீங்க. ப, ம என்ற எழுத்துகள் இரண்டு உதடும் சேர்ந்தால் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலிலே இலக்கணம் சொல்லியிருக்கார். திரையிலே தெலுங்கு நடிகர் உதட்டை மூடுகிற இடத்திலே, தமிழ் வசனத்திலும் ஒரு பகரமோ மகரமோ வந்து விழணும். விழலைன்னா, வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம்! இலக்கணம் படிச்ச நான் வகுப்பிலே சொல்றேன். அவங்க இருட்டறையிலே நின்னு செய்து காட்டறாங்க. அழறது வேறொருத்தர் கண்; விம்மறது இவங்க தொண்டை.

‘மைக்’ மோகனை எடுத்துக்குங்க. பட்டப்பெயரே ஒலிவாங்கி! பல படங்களிலே அவர் பேசினால் அந்தக் குரல் எஸ்.என்.சுரேந்தர். பாடினால் பெரும்பாலும் எஸ்.பி.பாலசுப்பிரமணியம். பேச ஒருத்தர், பாட ஒருத்தர், நம்ம கைதட்டல் மட்டும் மோகனுக்கு! (சிரிப்பு) அவர் நல்ல நடிகர், மறுக்கலை. ஆனால் அந்தக் குரல் இல்லாமல் அந்த மோகனை நினைச்சுப் பாருங்க.

“‘மொழி’ படத்திலே ஜோதிகா ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நம்மை அழ வைக்கலையா?” என்று எதிரணி அம்மையார் கேட்டார். நல்ல கேள்வி. 2007இலே வந்த அதே படத்திலே பாஸ்கரும் இருக்கார். பேராசிரியர் ஞானப்பிரகாசம். மகன் இறந்த 1984ஆம் ஆண்டோடு மனசு நின்னுபோன மனிதர். 1984 செய்தியை இன்றைய செய்தி மாதிரிப் பேசுவார். (பேராசிரியர்கள் எல்லாருமே அப்படித்தான்னு என் மாணவர்கள் சொல்றாங்க!) அந்த உற்சாகக் குரலைக் கேட்டுச் சிரிச்சோம். மகன் போய்விட்டான் என்கிற உண்மை உறைத்ததும், அதே குரல் உடையுது பாருங்க, அங்கேதான் நாமும் உடைஞ்சோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தத் துக்கம் வந்து சேரும்.

2023இலே ‘பார்க்கிங்’. வண்டி நிறுத்துகிற இடத்துக்காக வறட்டுப் பிடிவாதம் பிடிக்கிற இளம்பருதி. அதற்காக, 2025இலே அறிவித்த 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளிலே சிறந்த துணை நடிகர் விருது. மலையாள நடிகர் விஜயராகவனோடு பகிர்ந்து பெற்றார். “பார்த்தீங்களா, முகம் காட்டினதுக்குத்தான் விருது”ன்னு எதிரணி சொல்லும். ஐயா, நானும் அதைத்தான் சொல்றேன்! பிறருக்குக் கொடுத்தபோது அந்தக் குரலுக்குத் தேசிய விருது கிடையாது. 1960களிலேயே பின்னணிப் பாடகர்களுக்குத் தேசிய விருது வந்தாச்சு. ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்காக பி.சுசீலா அம்மா வாங்கினாங்க. பாட்டுக்குப் பின்னணி தந்தால் விருது. பேச்சுக்குப் பின்னணி தந்தால்? தமிழக அரசு விருதிலே இடம் இருக்கு. தேசிய விருதிலே தனி இடம் இல்லை.

பாஸ்கருக்கு முகம் கிடைச்சது. நாமும் அடையாளம் கண்டுகொண்டோம். முகம் கிடைக்காமலே வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்காக அழுது, சிரிச்சு, இருமி, தொண்டை கட்டிப்போன கலைஞர்கள் எத்தனை பேர்? தாய்மார்களே, அடுத்த தடவை படம் பார்க்கும்போது அவங்க பெயர் ஓடுகிற அந்த ரெண்டு விநாடி கண்ணை எடுக்காமல் படியுங்க. அது போதும்.

முகத்துக்கு வயசாகும், குரல் கொடுத்தவருக்கு ஊர் பேர் தெரியாது. ஆனாலும் நெஞ்சிலே நிற்பது குரலே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே! தீர்ப்பைச் சொல்ல உங்களுக்கும் குரல்தான் வேணும்! (பலத்த கைதட்டல்)