பாட்டி வீணைக்கு என்ன விலை?

1936 பிப்ரவரி 28. நியூயார்க் நகரின் கார்னகி ஹாலில் ஹூபர்மன் என்ற வயலின் மேதையின் கச்சேரி. அன்று மேடையில் அவர் கையில் இருந்தது குவார்னேரி வயலின். அவருடைய இன்னொரு வயலின் பெட்டிக்குள், மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் இருந்தது. அது 1713-ஆம் வருஷம் இத்தாலியில் ஸ்ட்ராடிவாரி செய்தது. கச்சேரி முடிவதற்குள் அது களவுபோய்விட்டது.

அந்த வயலினுக்குக் காப்பீடு இருந்தது. லண்டன் லாயிட்ஸ் 30,000 டாலர் கொடுத்தது. ஹூபர்மன் 1947-இல், அதை மறுபடி பார்க்காமலே காலமானார்.

1985-இல் அமெரிக்காவில் ஜூலியன் ஆல்ட்மன் என்ற வயலின்காரர் சாகக் கிடந்தபோது, தன்னிடம் இருப்பது அந்தக் களவுபோன வயலின்தான் என்று மனைவியிடம் சொன்னார். ஏறக்குறைய ஐம்பது வருஷம், அடையாளம் தெரியாமல் பூட் பாலிஷ் பூசி, ஊரறிய அதை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

சரி, வயலின் இப்போது யாருக்குச் சொந்தம்? ஹூபர்மன் குடும்பத்துக்கு அல்ல, லாயிட்ஸுக்கு. முழு இழப்பீட்டையும் கொடுத்துவிட்டால், காணாமல்போன பொருள் பின்னால் கிடைக்கும்போது அதன் உரிமை காப்பீட்டுக்காரருக்குப் போய்விடும். ஆல்ட்மன் மனைவிக்கு, கண்டெடுத்துக் கொடுத்ததற்காக லாயிட்ஸ் கொடுத்த சன்மானமே 2,63,000 டாலருக்கு மேல். 2001-இல் ஜோஷுவா பெல் அதே வயலினை ஏறத்தாழ 40 லட்சம் டாலருக்கு வாங்கினார்.

30,000 எங்கே, 40 லட்சம் எங்கே! இன்றைய பேச்சு இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

ஃப்ரிட்ஜும் டிவியும் வாங்கிய மறுநாளிலிருந்தே விலை இறங்குகிற பொருள்கள். பாலிசிக் கணக்கு பெரும்பாலும் அவற்றை மனதில் வைத்துப் போட்டது. இத்தனை வருஷம் பழசா, இத்தனை சதவீதம் கழி என்பதுதான் அதன் வழக்கம். நல்ல வாத்தியத்தின் கதை வேறு. மரம் உலர்ந்து பழக, நாதம் கூடும். பாட்டி வாசித்த தஞ்சாவூர் வீணையைப் பேத்தி வாசிக்கும்போது அதன் மதிப்பு ஏறியிருக்கும். காப்பீட்டுக்காரர் கழிக்கிற இடத்தில் வீணைக்காரர் கூட்டுகிறார். இரண்டு கணக்கும் மோதுவது வீணை உடைந்த பிறகு என்றால், யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே விலையை முன்னாடியே பேசி முடித்துவிட வேண்டும். இதற்குத்தான் ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற முறை இருக்கிறது. இந்த வீணையின் மதிப்பு இரண்டு லட்சம் என்று பாலிசி எடுக்கும்போதே இரு தரப்பும் எழுதிக்கொள்வார்கள். முழுசாகப் போய்விட்டால் அந்தத் தொகைதான். தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. பல பாலிசிகளில் அதற்கொரு தண்டனை இருக்கிறது. இரண்டு லட்ச ரூபாய் வீணையை ஒரு லட்சத்துக்குக் காப்பீடு செய்கிறீர்கள். யாளி முகம் உடைந்து 40,000 ரூபாய் செலவு. ஒரு லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுசும் வரும் என்று நினைப்பீர்கள். வராது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்தீர்கள், ஆகவே பாதிச் செலவு, 20,000 ரூபாய்தான் என்பார்கள்.

வீட்டுக்குத்தான் பாலிசி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு நடப்பில் இருக்கிறது. தீ, வெள்ளம் போன்றவை அதில் அடங்கும். ஆனால் அதன் அடிப்படைப் பாலிசியில் திருட்டு என்றால், தீயோ வெள்ளமோ வந்த ஏழு நாளுக்குள் நடக்கிற திருட்டுதான். சும்மா ஒரு நாள் பூட்டை உடைத்து எடுத்துப்போனால் அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். கலைப்பொருள், பழம்பொருள் போன்றவற்றை ஒப்புக்கொண்ட மதிப்பில் சேர்க்க அதில் தனிப் பிரிவு உண்டு. உங்கள் வீணை அந்தப் பிரிவில் வருமா என்று வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வீட்டுப் பாலிசி போதாது. வெளியூரிலும் வழியிலும் செல்லுபடியாகிற ‘ஆல் ரிஸ்க்’ பாலிசியைக் கேட்டுப் பாருங்கள். பெயரைப் பார்த்து எல்லா ஆபத்தும் அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். தந்தி அறுந்தது, மிருதங்கத்தின் கரணை பெயர்ந்தது, பூச்சி அரித்தது, ஈரத்தில் மரம் மெல்ல வளைந்தது, இவையெல்லாம் பொதுவாக அடங்காது. ஆளில்லாத காரில் வைத்துவிட்டுப் போனால் பல பாலிசிகள் கைவிரித்துவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வீணை கிடந்தால், மெட்டுகளைப் பிடித்திருக்கிற மெழுகு இளகி, இருபத்துநான்கு மெட்டும் இடம் பெயரும். அதற்கு மருந்து பாலிசியில் இல்லை, நம் பொறுப்பில்தான் இருக்கிறது.

விமானத்தில் சரக்கோடு சரக்காகப் போட்டால்? பன்னாட்டுப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஒரு பயணியின் பெட்டி படுக்கைக்கெல்லாம் சேர்த்து விமான நிறுவனத்தின் பொறுப்பு, நம் பணத்தில் இரண்டு லட்ச ரூபாய்க்குள் அடங்கிவிடும். பெட்டியை ஒப்படைக்கும்போதே அதிக மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்டி, வரம்பை உயர்த்த அதே உடன்படிக்கையில் இடமுண்டு.

இழப்பு என்று வந்தால் ஒரு சர்வேயர் வருவார். தீப்பிடித்த கிடங்கை மதிப்பிடத் தெரிந்த அவருக்கு, குடமும் தண்டியும் ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும், தனித்தனியாகச் செய்து இணைத்த ஒட்டு வீணைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அதை அவருக்குச் சொல்ல ஒரு காகிதம் வேண்டும். வீணை செய்கிறவரிடமோ பழுது பார்க்கிறவரிடமோ மரம், வேலைப்பாடு, வயது, இன்றைய விலை எல்லாம் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். முகப்பைப் படம் எடுத்தால் மட்டும் போதாது. குடத்தின் அடிப்பக்கம், பிரடைகள், பழைய விரிசலை ஒட்டிய தழும்பு, இவைதான் உங்கள் வீணையை வேறு வீணையிலிருந்து பிரித்துக் காட்டும் மச்சங்கள். திருட்டு என்றால் உடனே போலீஸில் எஃப்.ஐ.ஆர்., காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல்.

காகிதத்தின் அருமைக்கு இன்னொரு நியூயார்க் கதை. 1999 அக்டோபரில் செல்லோ கலைஞர் யோ-யோ மா, 1733-இல் செய்த, 25 லட்சம் டாலர் மதிப்புள்ள தன் செல்லோவை டாக்ஸி டிக்கியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். மனுஷருக்கு அசதி. நல்லவேளை, டாக்ஸிக்காரர் கொடுத்த ரசீதை அவர் கசக்கி எறியவில்லை. அதை வைத்துப் போலீஸ் வண்டியைக் கண்டுபிடித்தது. அன்றைக்கே செல்லோ கைக்கு வந்தது.

ஹூபர்மனுக்குப் பணம் வந்தது, வயலின் வரவில்லை. காப்பீடு கொடுக்கக்கூடியது பணம் மட்டும்தான். அதையாவது குறையாமல் கொடுக்கட்டும். வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிற நாளில், பாட்டி வீணைக்கு இன்றைக்கு என்ன விலை என்று ஒரு தரம் விசாரித்துவிட்டு, அப்புறம் கட்டுங்கள்.